ஜெலுத்தோங் பாசாருக்கு ஒரு கோடு

சுங்கை பினாங்,
9 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சேகர் எழுதுவது. இங்கே நானும் பிரமிளாவும் சுகம். என் இரத்த அழுத்தம் மட்டும் காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு என்று இருக்கிறது. ஜொகூர் பாருவில் நீ, காமினி, உன் முழங்கால் மூவரும் எப்படி? தொலைபேசியில் நான் பேசினால் கொசு பாடுகிற மாதிரி கேட்கிறது என்கிறாய். ஆகையால் பழையபடி கடிதம்தான்.

நான் வேலையில் இருந்தபோது ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னைக் கேட்டாள்: "சார், தாத்தாவோட அப்பா பேரு எங்க வீட்ல யாருக்குமே தெரியல. அப்ப நாங்க எங்கேருந்து ஆரம்பிச்சோம்?" நாளை சொல்கிறேன் என்றேன். மறுநாளும் பதில் வரவில்லை. பணி ஓய்வு பெற்று எட்டு வருடமான பிறகு, போன மாதம் அந்தக் கேள்வி என்னைத் தேடி வந்துவிட்டது.

நூலகத்தில் சனிக்கிழமைதோறும் ஊர் வரலாறு, குடும்ப வரலாறு என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கியிருக்கிறார்கள். ஜனங்கள் பழைய புகைப்படம், பிறப்புப் பத்திரம் எல்லாம் கொண்டுவருகிறார்கள். பழைய வரைபடத்தில் தங்கள் தெருவைத் தேடுகிறார்கள். ஷஹீதா என்ற நூலகர் இதை நடத்துகிறார். தமிழ்க் குழுவை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். சும்மா இருந்த வாத்தியாருக்கு மறுபடி ஒரு கரும்பலகை! அக்டோபரில் கண்காட்சி. ஒவ்வொரு குடும்பமும் தன் தலைமுறைகளை மரம் போல வரைந்த குடும்பப் படத்தைச் சுவரில் மாட்டும்.

நம் தலைமுறையில் இப்போது நீயும் நானும்தான். நம் படத்துக்குப் பக்கத்தில் நீ வந்து நிற்க வேண்டும் என்பது என் ஆசை. நீ இல்லாமல் அதை மாட்ட எனக்கு மனம் வராது. வருவாயா?

உன் பிரியமுள்ள தம்பி,
சேகர்


ஜொகூர் பாரு,
24 மார்ச் 2024

தம்பி சேகருக்கு,

அக்கா ஆசீர்வாதம். உன் கடிதம் வந்த அன்று நல்ல மழை, வீட்டுக்குள் நல்ல வெயில். முழங்கால் அப்படியேதான். காமினி காலை இருட்டில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனால் இருட்டிய பிறகு வருகிறாள். நடுவில் நானும் பக்கத்து வீட்டுப் பூனையும் பேசிக்கொள்கிறோம். அது சொல்வது எனக்கு நன்றாகக் கேட்கிறது.

வருவேன், கண்டிப்பாக வருவேன். பினாங்கைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! எந்தச் சேலை கட்டுவது என்று இப்போதே யோசிக்கிறேன். அரக்கு நிறம் கட்டினால் புகைப்படத்தில் எடுப்பாக இருக்கும் என்கிறாள் காமினி. நீ உன் பள்ளிக்கூடத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்காதே. பிரமிளாவிடம் சொல்லி நல்லதாக ஒன்று வாங்கு.

படம் தயாரானதும் அனுப்பு. மாத்திரையை மறக்காதே.

அக்கா,
ஜெயலெட்சுமி


சுங்கை பினாங்,
20 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், அங்கும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். நீ வருவதாக எழுதியதைப் பிரமிளா எதிர்வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். புதுச் சட்டையும் எடுத்தாயிற்று.

வகுப்பு பெரிய தமாஷ். காஜா மொய்தீன் பாய் என்று ஒருவர் வருகிறார், நாசி கண்டார் சோற்றுக்கடையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்வாக இருப்பவர். போன வாரம் எழுந்து நின்று கேட்டார்: "சார், எங்க வாப்பாவுக்கு ஊர்ல ஒரு வீடு, இங்க ஒரு வீடு. ரெண்டு மரமா வரையவா, ஒரே மரத்துல ரெண்டு கிளையா?"

ஷஹீதா சிரிக்காமல், "ரெண்டு வீட்டுப் பிள்ளைங்களையும் கேட்டீங்களா பாய்?" என்றார்.

"கேட்டேன்லா. அவங்க நாங்கதான் மரம், நீங்கதான் கிளைன்னு சண்டை போடுறாங்க."

எதையும் உதாரணத்தோடு சொன்னால்தான் மனதில் நிற்கும் என்பது உனக்குத் தெரியும். அதனால் நம் குடும்பப் படத்தையே மாதிரியாக வரைந்து வகுப்புச் சுவரில் மாட்டிவிட்டேன். பெற்ற பிள்ளைக்கு முழுக் கோடு, எடுத்து வளர்த்த பிள்ளைக்குப் புள்ளிக் கோடு. இது பொதுவான முறை. நீ சீனக் குடும்பத்தில் பிறந்து கைக்குழந்தையாக நம் வீட்டுக்கு வந்தது ஊரறிந்த விஷயம். நம் வீட்டில் அதை யாரும் மறைத்ததும் இல்லை, பெரிதாகப் பேசியதும் இல்லை. ஆகவே அம்மாவிடமிருந்து உன் பெயருக்குப் புள்ளிக் கோடு. அதற்கு மேல் 'பெற்றவர்கள்: தெரியவில்லை' என்றும் குறித்திருக்கிறேன். ஷஹீதா, "சார், புள்ளிக் கோடு வழக்கம்தான், கட்டாயம் இல்ல" என்றார். விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆசிரியரே விலக்குக் கேட்கலாமா என்றேன். எல்லோருக்கும் முறை நன்றாகப் புரிந்தது.

புகைப்படம் இணைத்திருக்கிறேன். உன் பெயரைச் சிவப்பில் எழுதியிருக்கிறேன், பார்.

தம்பி,
சேகர்


ஜொகூர் பாரு,
2 ஜூன் 2024

தம்பிக்கு,

ஆசீர்வாதம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது, ஒன்று வெள்ளை. பின்பக்கக் கொய்யா காய்த்துத் தள்ளுகிறது, அணில் விட்டால்தானே.

பிரமிளாவுக்கு நெஞ்சுச் சளி என்று காமினி சொன்னாள். வெந்நீரில் ஓமம் போட்டுக் குடிக்கச் சொல்.

அக்டோபருக்கு இன்னும் நாள் இருக்கிறது. பயணம் பற்றிப் பார்க்கலாம்.

ஜெயலெட்சுமி


சுங்கை பினாங்,
10 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பிரமிளா ஓமத்தண்ணீர் குடித்தாள், சளி போயிற்று. உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

'பயணம் பற்றிப் பார்க்கலாம்' என்று எழுதியிருக்கிறாய். முழங்காலை நினைத்துத் தயங்குகிறாய் என்று புரிகிறது. கவலை வேண்டாம். விமானத்தில் வந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் வீட்டில் இருப்பாய். நூலகத்தில் மின்தூக்கி இருக்கிறது. சக்கர நாற்காலியும் இருக்கிறது என்று ஷஹீதா சொன்னார். நான் தள்ளுகிறேன், சின்ன வயதில் என்னை இடுப்பில் வைத்துச் சுமந்தாயே, கணக்கைத் தீர்த்தது போலவும் இருக்கும்.

படம் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதவில்லையே? எழுத்து சின்னதாக இருந்தால் சொல், பெரிதாக எடுத்து அனுப்புகிறேன்.

தம்பி,
சேகர்


ஜொகூர் பாரு,
28 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

காமினி எழுதுகிறேன். நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அம்மாவின் உடம்பு நன்றாக இருக்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம். தொலைபேசியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் நானும் பேனாவை எடுத்தேன்.

உங்கள் கடிதத்துக்கு அம்மா பதில் எழுத உட்காருவதும், எழுந்து போவதுமாக இருக்கிறார். அரக்குச் சேலையை அலமாரியில் மடித்து வைத்துவிட்டார். "பினாங்குக்கு டிக்கெட் எடுக்கவாம்மா?" என்று கேட்டால், "அவ்ளோ தூரம் எதுக்குடி, கூட்டமா இருக்கும்" என்கிறார். முழங்கால்தான் காரணமா என்றேன். "முழங்கால் என்னடி பண்ணும், அது பாட்டுக்கு இருக்கு."

போன ஞாயிறு நான் வெளியே போய்விட்டுத் திரும்பியபோது, நீங்கள் அனுப்பிய படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னம்மா என்று கேட்டேன். "ஒண்ணுமில்லடி. உங்க மாமா நல்லா சித்திரம் போட்டிருக்கான். எல்லாருக்கும் கோடு போட்டிருக்கான், எனக்கு எறும்பு விட்டிருக்கான்" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மாமா, அம்மா சீனப் பிறவி என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். முகத்திலேயே எழுதியிருக்கிறது. நீங்கள் வரைந்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அம்மாவைக் கேட்டுவிட்டு மாட்டியிருக்கலாமே? வயதில் சின்னவள் இப்படி எழுதுவதற்கு மன்னிக்கவும்.

அன்புடன்,
காமினி


சுங்கை பினாங்,
3 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

காமினி எழுதினாள். அவளைத் திட்டாதே. நல்ல பிள்ளை.

கடிதத்தைப் பிரமிளாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "ஊரையெல்லாம் கூப்பிட்டு உக்கார வச்சு, உங்க பெரியவங்கள கேளுங்க, கேளுங்கன்னு சொன்னீங்க. உங்கள விடப் பெரியவங்க இருக்கறது ஒரே ஒரு ஆளு. அவங்கள கேட்டீங்களா?" என்றாள். அப்புறம் எனக்குக் காபி கூடக் கலக்கவில்லை.

இன்று காலை நூலகம் திறந்ததும் போய்ப் படத்தை இறக்கிவிட்டேன். வகுப்புக்கு வந்த காஜா மொய்தீன் பாய், "என்ன சார், சுவரு பல்லு விழுந்தாப்ல இருக்கு?" என்றார். கேட்க வேண்டியவரைக் கேட்காமல் மாட்டிவிட்டேன் பாய் என்றேன். அவர் போய் எனக்கு ஒரு தே தாரே டீ வாங்கி வந்து கொடுத்தார்.

அக்கா, கோடு எப்படி இருந்தாலும் எனக்கு நீதான் அக்கா என்று எழுதப் பார்த்தேன். அதுவும் நானே பேசுவதாகத்தான் ஆகிறது. ஆகவே கேட்கிறேன். அந்தப் படத்தில் எது தப்பு? நீ சொல். நான் காத்திருக்கிறேன்.

சேகர்


ஜொகூர் பாரு,
18 ஆகஸ்ட் 2024

தம்பி சேகருக்கு,

அக்காவின் ஆசி. இதைப் படிக்கும் முன் மாத்திரையைப் போட்டுக்கொள்.

கேட்டுவிட்டாய், நல்லது. நான் எப்படி நம் வீட்டுக்கு வந்தேன் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்பதாலேயே என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. உன்னை மட்டும் சொல்லவில்லை.

புள்ளிக் கோடு வலித்தது, பொய் சொல்லமாட்டேன். அம்மா எனக்குத் தலைவாரியதும் அம்மை போட்டபோது வேப்பிலையோடு என் பக்கத்திலேயே கிடந்ததும் விட்டு விட்டா நடந்தது? ஆனால் அதை விட, அதற்கு மேலே நீ எழுதியிருந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. 'தெரியவில்லை.' யாருக்குத் தெரியவில்லை? உனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

ஜெலுத்தோங் பாசாரில் தௌகே முளைப்பயறு விற்ற ஆ கியோக்கை நினைவிருக்கிறதா? கறுப்புச் சிலுவார் போட்டுக்கொண்டு, ஓலைத் தொப்பியோடு, வாசல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவர்தான் என்னைப் பெற்ற தாய். நான் பிறந்தது அவர்கள் கணக்கில் புலி வருஷம். புலி வருஷத்துப் பெண் தகப்பனுக்கு ஆகாது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு அப்போது பிள்ளை இல்லை. இருவருக்கும் பாசாரில்தான் பழக்கம். அங்கேயே பேசி, அங்கேயே அம்மா என்னைக் கையில் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் அம்மா செய்ததைக் கேள். பிள்ளையை வாங்கியவர்கள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள், வீட்டையே மாற்றிக்கொள்வார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தினமும் அதே பாசாருக்குப் போனார். தினமும் தௌகே வாங்கினார். அம்மாவுக்குத் தௌகே பிடிக்கவே பிடிக்காது சேகர், அந்த வாசமே ஆகாது. ஆ கியோக் காகிதத்தில் பொட்டலம் கட்டுகிற நேரம், அவர் என்னைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான். கட்டி முடித்த பிறகும் அம்மா நகரமாட்டார். மலாய் மொழியில் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு நிற்பார். மழையே இல்லாத மாதத்திலும் மழையைப் பற்றித்தான்.

எனக்குக் கல்யாணம் முடிவானபோது இருவருமாகத்தான் என்னிடம் சொன்னார்கள், அதே இடத்தில், தௌகேக் கூடைக்குப் பக்கத்தில். எனக்கு அழுகை வரவில்லை. எனக்கு அது ஏற்கெனவே தெரிந்த மாதிரிதான் இருந்தது. கல்யாணத்துக்கு ஆ கியோக் வந்தார். அம்மா அவரை முன்வரிசையில் உட்கார வைத்தார். "யாருடி இது?" என்று பெரியம்மா கேட்டதற்கு, "பாசார்ல பழக்கம். நீ போய் பாயசத்த ஊத்து" என்றார்.

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். இரண்டு பேர் சேர்ந்து பத்திரமாக வைத்திருந்ததை நானாக எடுத்து வெளியே போட மனமில்லை. அவர்கள் இருவரும் இப்போது இல்லை. நீ கேட்டாய், சொல்லிவிட்டேன். மனம் லேசாக இருக்கிறது.

காமினியிடமும் நேற்றுச் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு, "அப்ப இனிமே வீட்ல தௌகேவாம்மா?" என்றாள்.

அக்கா,
ஜெயலெட்சுமி


சுங்கை பினாங்,
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாத்திரை போட்டுக்கொண்டுதான் படித்தேன். பிறகு பிரமிளாவுக்கு வாசித்துக் காட்டினேன். நடுவில் கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டேன், மீதியை அவள் எனக்கு வாசித்துக் காட்டினாள்.

ஆ கியோக்கின் கை எனக்கு நினைவிருக்கிறது. எப்போதும் ஈரமாக இருக்கும். என் கன்னத்தைக் கிள்ளுவார், சில்லென்று இருக்கும். நம் வீட்டுத் தௌகேயும் நினைவிருக்கிறது. குழம்பில் தௌகே, முட்டையில் தௌகே, ரசத்தில் கூட ஒரு நாள். தட்டைப் பார்த்து நான் அழுவேன். "தின்னுடா, எனக்கு ரொம்பப் பிடிக்கும்னுதான வாங்குறேன்" என்பார் அம்மா. தான் ஒரு வாய் வைத்ததை நான் பார்த்ததே இல்லை. இதை ஏன் என்று நான் யோசித்ததும் இல்லை. பிள்ளைகளுக்கு எத்தனை புதிர்க் கணக்குக் கொடுத்திருப்பேன்!

ஷஹீதாவிடம் பெயர் எதுவும் சொல்லாமல், அக்கா ஒரு விஷயம் எழுதியிருக்கிறார், அதைப் படத்தில் போடலாமா என்று மட்டும் கேட்டேன். "அது உங்க அக்காவோடது சார். போடணுமா, எவ்வளவு போடணும், எல்லாம் அவங்கதான் சொல்லணும். அவங்க வேண்டாம்னா நம்ம சுவத்துல ஒரு படம் குறையும், அவ்வளவுதானே" என்றார்.

உன் வார்த்தைக்குக் காத்திருக்கிறேன். படம் இல்லாவிட்டாலும் நீ வா.

தம்பி,
சேகர்


ஜொகூர் பாரு,
12 செப்டம்பர் 2024

தம்பிக்கு,

ஆசீர்வாதம். நான் சுகம். பூனைக்குட்டிகளில் வெள்ளையை நாங்களே வைத்துக்கொண்டோம்.

யோசித்துவிட்டேன். படத்தை மாட்டு. அம்மாவிடமிருந்து எனக்கு வரும் கோட்டில் எங்கும் இடைவெளி விடாதே. 'தெரியவில்லை' என்பதை எடுத்துவிடு. அங்கே 'ஆ கியோக், ஜெலுத்தோங் பாசார்' என்று எழுது, அது போதும். அவருடைய மற்ற பிள்ளைகள் எங்கே இருக்கிறார்களோ, அவர்களைக் கேட்காமல் வேறு எதுவும் வேண்டாம். அவரிடமிருந்து எனக்கு வரும் கோட்டை நீ போடாதே. நான் வந்து போடுகிறேன்.

காமினி டிக்கெட் எடுத்துவிட்டாள். அவளுக்கு விடுப்பு இல்லை, நான் தனியாகத்தான் வருவேன். சக்கர நாற்காலி எல்லாம் வேண்டாம்.

அக்கா


சுங்கை பினாங்,
27 அக்டோபர் 2024

அன்புள்ள காமினிக்கு,

அம்மா பத்திரமாக வந்து சேர்ந்தார் என்று நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. அத்தை உன்னைக் கேட்டாள், விடுப்புக் கிடைத்தால் வரச் சொன்னாள். கண்காட்சி பற்றி அம்மா சொல்லியிருப்பார். ஆனால் தன்னைப் பற்றிய பகுதியை விட்டிருப்பார், அதை நான் எழுதுகிறேன்.

அரக்குச் சேலைதான். வந்ததும் படத்தின் முன் நின்று எல்லாப் பெயரையும் ஒருமுறை மெதுவாகப் படித்தார். ஷஹீதா தடித்த பேனாவைக் கொடுத்தார். அம்மா ஆ கியோக்கின் பெயரிலிருந்து கோட்டைத் தொடங்கினார். கோடு கொஞ்சம் வளைந்தது. என் பழக்கம், நான் அடிமட்டத்தை எடுத்து நீட்டினேன். உன் அத்தை அதைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். கோடு வளைந்து வளைந்து வந்து, அம்மாவின் பெயரை நன்றாக இடித்துக்கொண்டு நின்றது.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு சீனப் பெரியவர் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. அம்மா பின்னாலிருந்து அவருடைய ஹொக்கியன் சீனத்திலேயே பதில் சொன்னார்! அதுவும் பாசார் ஹொக்கியன். என் அக்கா ஹொக்கியன் பேசி நான் கேட்டதே இல்லை. பெரியவர் அடிக்குரலில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். அம்மாவுக்கு எல்லாம் கேட்டது. இருவரும் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். காஜா மொய்தீன் பாய் என் தோளைத் தட்டி, "சார், உங்க படத்துக்கு மட்டும் ஆளு வச்சு விளக்கம் கொடுக்குறீங்க, இது நியாயமாலா?" என்றார்.

சாயங்காலம் கதவைச் சாத்தும் வரை அம்மா அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. வந்தவர்களில் பாதிப்பேர் வேறு படத்தைப் பார்க்கவே இல்லை.

ஜனவரியில் புதிய குழு வருகிறது. அவர்களுக்கு முதல் நாள் பாடமாக முழுக் கோடு, புள்ளிக் கோடு எதுவும் சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு வேலைதான் கொடுக்கப் போகிறேன். கண்காட்சிக்கு வரமுடியாதவள் நீ, ஆகையால் உனக்கு முதலில் தருகிறேன். ஒரு தாளில் உன் குடும்பப் படத்தை வரை. அதில் உயிரோடு இருக்கும் ஒருவர் கையில் அதைக் கொடுத்து, 'இதில் எது தப்பு?' என்று கேள். அவர் பேசி முடிக்கும் வரை நீ பேசாதே.

பிரியமுள்ள மாமா,
சந்திரசேகரன்